'இதர' என்ற கட்டத்தில் விழுந்த விண்ணப்பம்: இராமநாதபுரம் கடற்கரைக் கல்வி அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் மூக்கையூர் வரை ஊருக்கு ஊர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள், ஜமாஅத்துகள், பங்குப் பேரவைகள், மீனவர் சங்கங்கள், வெளிநாடு வாழ் ஊரார் அமைப்புகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். தோத்திரம்.

நான் பாம்பனில் பிறந்தவள். மதுரையில் கட்டடக்கலை இளங்கலையான பி.ஆர்க். படித்தேன். சில காலம் ஓர் அலுவலகத்தில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். பிறகு ஐரோப்பாவில் ஒரு கலைப்பள்ளியில் கட்டடக்கலையில் முதுகலை முடித்தேன். இப்போது மதுரையில் இருந்தபடி இந்தக் கரையில் வீடுகள் கட்டுகிறேன். பழையவற்றைப் பழுது பார்க்கிறேன். எனக்காக எதுவும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டவளுக்கு இனி யார் உதவித்தொகை தரப்போகிறார்கள்?

உங்களில் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், இந்த ஆண்டு நேர்காணலில் கீழக்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. பி.ஆர்க்.கை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவள். முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்தில் ஒரு பகுதியை அந்தப் பள்ளியே தள்ளுபடி செய்திருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தின் தலைப்பில் கலைப்பள்ளி என்று இருந்ததுதான் சிக்கல். "வீடு கட்டப் படிக்கிற பிள்ளை படம் வரைகிற பள்ளிக்கூடத்துக்கு எதற்கம்மா போக வேண்டும்? எம்.டெக். என்றால் சொல், பார்க்கலாம்" என்று பெரியவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாஞ்சையோடுதான் கேட்டிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் படிவத்தில் மருத்துவம், பொறியியல், மேலாண்மை, சட்டம் என்று கட்டங்கள் இருக்கின்றன. இவளுடைய படிப்பு 'இதர' என்ற கட்டத்தில் விழுந்தது. அந்தக் கட்டத்தில் விழுந்த விண்ணப்பம் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

பெரியவரின் கேள்வி நியாயமான கேள்வி. நேர்காணல் அறையில், எதிரே ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்க, இருபத்து மூன்று வயதுப் பெண்ணால் அதற்கு நிதானமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. அவளுக்குப் பதிலாக நான் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், கலைப்பள்ளியில் கட்டடக்கலை என்பது நேற்று முளைத்த மோஸ்தர் அல்ல. பாரிசின் நுண்கலைப் பள்ளியான எக்கோல் தே போசாரில் ஓவியனும் சிற்பியும் கட்டடக்கலைஞனும் ஒரே வளாகத்தில் படித்தார்கள். 1968 வரை அது நடந்தது. கோபன்ஹேகனில் 1754-இல் தொடங்கிய அரச கலைக்கழகத்தில் இன்றும் கட்டடக்கலை இருக்கிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா போனால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைத்த யோர்ன் உட்சோன் அந்தக் கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் படித்தவர்தான். மும்பையில் கட்டடக்கலைக் கல்வி 1857-இல் தொடங்கிய சர் ஜே.ஜே. கலைப்பள்ளிக்குள்தான் வளர்ந்தது, தனிக் கல்லூரியானது வெகு பின்னால். சென்னையில் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியைப் பின்னாளில் தலைமையேற்று நடத்திய இராபர்ட் சிசோம்தான் சேப்பாக்கத்துச் செனட் ஹவுஸை வடிவமைத்தவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு தொடங்கிய கல்லூரியின் பெயரிலேயே கட்டடக்கலையும் சிற்பக்கலையும் சேர்ந்திருக்கின்றன. அதைப் பல ஆண்டுகள் நடத்தியவர் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைக் கடலுக்கு நடுவே நிறுத்தியவர். அவர் பிறந்த பிள்ளையார்பட்டி அப்போது நம் இராமநாதபுரம் மாவட்டம். சிலை நிற்குமா விழுமா என்ற கணக்கும் சிலையின் இடுப்பு எப்படி வளைய வேண்டும் என்ற தீர்மானமும் ஒரே மனிதரிடம் இருந்தன. அவரிடம் போய் நீங்கள் கலையா பொறியியலா என்று எந்தக் கட்டத்தில் குறி போடச் சொல்வீர்கள்?

சரி, பழங்கதை போதும். அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு முதல் பருவத்தில் கொடுத்த வேலை ஒரே வரி: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சுவரை, உள்ளது உள்ள அளவில், முழுதாக வரைந்து வாருங்கள். சிறிதாக்கி வரையக்கூடாது, சுவர் ஒன்பது அடி என்றால் தாளும் ஒன்பது அடி. நான் விடுமுறையில் ஊருக்கு வந்து, பாம்பனில் அப்பத்தா வீட்டு அடுப்படிச் சுவரை எடுத்துக்கொண்டேன். பவளக்கல் சுவர். தாளை ஒட்டி, கல் கல்லாக, இணைப்பு இணைப்பாகக் கரியால் தடவி வரைந்தேன். சாந்து உதிர்ந்த இடங்களில் மூளைப் பவளத்தின் சுழிகள் அப்படியே தெரிகின்றன. இணைப்புச் சுண்ணாம்பில் அரைபடாத சிப்பித் துண்டுகள் கிடக்கின்றன. அடுப்புக்குப் பின்னால் புகை ஏறிய கறுப்பு. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பிற்காலத்தில் சித்தப்பா பூசிய சிமென்ட். அந்தச் சிமென்ட் முடிகிற இடத்துக்குச் சரியாக மேலே, ஒரு சாண் அகலத்துக்கு, சுவர் நீளம் முழுக்க உப்புப் பூத்துப் பொரிந்து கிடந்தது. கையை வைத்தால் மாவாகக் கொட்டியது.

ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் கூடி மாணவர் வேலையை அலசும் அமர்வில், யாரும் என் ஓவியம் அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. களிமண் வேலை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர், கிட்டே வந்து அந்த ஒரு சாண் பட்டையைக் காட்டி, "உப்பு ஏன் இங்கே மட்டும் இருக்கிறது? கீழே ஏன் இல்லை?" என்று கேட்டார். அந்த அறையில் அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. கடற்கரை மண் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஈரம் தாழ்விலேயே ஆவியாகி வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அடைபட்ட ஈரம் இன்னும் உயரம் ஏறி, சிமென்ட் முடிந்த இடத்தில் வெளியே வந்து, கொண்டு வந்த உப்பை அங்கே இறக்கி வைக்கிறது. உப்பு படிகமாகும்போது பருத்துக் கல்லின் துளைகளைப் பிளக்கிறது. சுவரைக் காப்பாற்றப் பூசிய சிமென்ட்தான் சுவரைத் தின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு பட்டறை. கலைப்பள்ளியில் பட்டறைதான் பள்ளி. மரவேலை, வார்ப்பு, நெசவு, அச்சு எல்லாம் ஒரே கூரையின் கீழ், இரவு வரை திறந்திருக்கும். சுண்ணாம்பும் மணலும் பல விகிதங்களில் கலந்து சிறு சிறு பலகைகளாகப் பூசினேன். சிலவற்றில் கடுக்காய் ஊறிய தண்ணீர், சிலவற்றில் கருப்பட்டித் தண்ணீர், சிலவற்றில் வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்கச் சிமென்டும் சில. உப்புத் தண்ணீரில் நனைப்பது, உலர்த்துவது, மறுபடி நனைப்பது. பவளக்கல்லை எடுத்துக்கொண்டு போக வழியில்லை. 2001-லிருந்து பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே கிடைத்த துளையுள்ள சுண்ணாம்புக்கல்லை வைத்துத்தான் பார்த்தேன். சிமென்ட் பூசிய பலகையில் பூச்சு கல்லாய் நின்றது. அதன் பின்னால் இருந்த உண்மையான கல் உதிர்ந்தது. சுண்ணாம்புப் பலகையில் பூச்சு தான் உதிர்ந்துகொண்டு கல்லைக் காப்பாற்றியது. நம் கொத்தனார்களின் பாட்டன்மார்களுக்கு இது பாலபாடம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெள்ளையடித்துப் பூச்சைப் புதுப்பித்ததன் காரணம் இதுதான்.

இதை எம்.டெக்.கில் சொல்லித் தர மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். தருவார்கள், சமன்பாட்டோடு, என்னைவிட நன்றாகவே தருவார்கள். பொறியாளர் இல்லாமல் நான் ஒரு மாடிப்படிகூடக் கட்டுவதில்லை. ஆனால் அந்த ஒரு சாண் பட்டையைப் பார்க்க வைத்தது, அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகக் கையால் தடவி வரையச் சொன்ன பயிற்சி. அதற்கு முன்பும் அந்த அடுப்படியில் எத்தனையோ முறை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

இந்தப் பயிற்சி வேறெந்தக் கரையையும்விட நம் கரைக்கு ஏன் தேவை என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? கடல் காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். கடற்கரைச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்தும் ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி, குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனமும், வேண்டும் என்கிறது. தங்கச்சிமடத்திலோ பெரியபட்டினத்திலோ சென்ட்ரிங் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை அளந்து பாருங்கள். பல இடங்களில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் செருகியிருப்பார்கள்.

ரயில்வே துறை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1914-இல் திறந்த பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்போடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தும் நிலைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அந்தப் பாலத்திலிருந்து கல்லெறி தூரத்தில் நாம் கட்டும் வீடுகள் மட்டும் மதுரை அண்ணாநகரில் கட்டும் வீட்டின் நகலாக இருக்கின்றன. மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்த முகப்பு. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கண்ணாடி மணலால் தேய்ந்து மங்கிவிடும், உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். வாடைக்காற்று எங்கிருந்து வரும், சோளகக் காற்று எப்போது திரும்பும் என்று வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு அத்துப்படி. அவர் மகனுக்கு வீடு வரைந்து கொடுக்கிறவருக்கு அது தேவைப்படவில்லை. சம்பாத்தியம் முழுவதையும் கொட்டிக் கட்டுகிறார்கள், அதனால்தான் வயிறு எரிகிறது.

பழையதற்கே திரும்பிவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. திரும்பவும் முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-இல் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பவளப்பாறையை வெட்டியதற்கு அதில் பங்கு உண்டு. அப்பத்தா வீட்டுச் சுவரின் அழகைப் பற்றிப் பேசும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இனி ஒரு கல்கூட எடுக்க முடியாது. இருக்கிற சுவர்களை எப்படி நிற்க வைப்பது, புதியவற்றை எதைக்கொண்டு கட்டுவது என்பதுதான் கேள்வி. யாராவது உட்கார்ந்து செய்து பார்த்துத்தான் இதற்கு விடை காண வேண்டும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் மாதா கோயில் சுவர்களில் நாள்தோறும் சுற்றுலாப் பயணிகள் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். அதே கல், அதே சுண்ணாம்பு, கூரை இல்லாமல் அறுபது ஆண்டு மழையிலும் காற்றிலும். அதில் எந்தக் கல் எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு மாணவி வரைந்து வைத்தால் அதுவே நமக்குப் பெரிய பாடப்புத்தகம்.

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குப் போயிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். சேதுபதி வெள்ளைக்காரர்களைச் சந்திப்பது, தஞ்சை மராட்டியரோடு போர், இராமாயணம், பாகவதம் என்று சுவரும் வளைவும் கூரையும் ஓவியம். அந்த ஓவியம் நிற்பது சுண்ணாம்புப் பூச்சின் மேல். பூச்சுக்குப் பின்னால் ஈரம் ஏறினால் முதலில் போவது சேதுபதியின் முகம். அதைப் பாதுகாக்கிறவருக்கு நிறமும் தெரிய வேண்டும், சுவரும் தெரிய வேண்டும். அந்த இரண்டையும் ஒரே ஆளுக்குக் கற்பிக்கும் இடம் எது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களைச் செதுக்கியவர்களுக்கும் இந்தப் பிரிவினை தெரியாது.

இனிப் பணம், வேலை. நீங்கள் ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பாளர்கள். இதைக் கேட்காமல் இருக்கவும் கூடாது.

கட்டடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் செய்யும் உரிமை, 1972 கட்டடக்கலைஞர் சட்டப்படி, பி.ஆர்க். முடித்துக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்வதன் மூலம் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு அது கையில் இருக்கிறது. முதுகலையை எங்கே படித்தாலும் அது போய்விடாது. ஆக, கலைப்பள்ளிக்குப் போனால் வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடுவாள் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. மறுபக்கமும் உண்டு. சில வெளிநாட்டுக் கலைப்பள்ளிகளின் முதுகலை, அந்த நாட்டில் உரிமம் பெற உதவாது. அமெரிக்காவின் கிரான்புரூக்கில் கட்டடக்கலை முதுகலைக்கு வகுப்புகூடக் கிடையாது. இரண்டு ஆண்டும் அவரவர் வேலை, அவரவர் ஸ்டுடியோ. பெயர்பெற்ற இடம், ஆனால் அங்கேயே தங்கித் தொழில் செய்ய நினைக்கிறவருக்கு அது வழி அல்ல. அதே நாட்டு ரோட் ஐலண்டு வடிவமைப்புப் பள்ளியின் பட்டம் அங்கீகாரம் பெற்றது. கட்டணமோ கண்ணைக் கட்டும். இந்தியாவில் கல்லூரி ஆசிரியராக விரும்பினால், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தன்மை கிடைக்குமா என்று புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். நேர்காணலில் இவற்றில் ஒன்றைக்கூட அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தாள், எனக்குக் காட்டினாள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளை ஒருவன் துபாயில் கட்டட மேலாண்மை படிக்கப் பணம் கேட்டிருந்தால், பள்ளியின் பெயரை இவ்வளவு கூர்ந்து பார்த்திருப்போமா?

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படிவத்தில் கட்டடக்கலை, வடிவமைப்பு, கலை சார்ந்த மேற்படிப்புகளுக்குத் தனிக் கட்டம் ஒன்று போடுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு போர்ட்ஃபோலியோவையும், அதாவது மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பையும், கேளுங்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அன்று ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். மதுரையில் கட்டடக்கலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். பணத்துக்கு ஈடாக ஏதாவது நிபந்தனை வேண்டும் என்றால், என்னிடம் ஒன்று இருக்கிறது. உதவி பெறுகிற ஒவ்வொருவரும் இந்தக் கரையில் ஒரு பழைய கட்டடத்தை முழுதாக அளந்து வரைந்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைக்கட்டும். வீடு, பள்ளிவாசல், மாதா கோயில், சத்திரம், உப்புக் கிடங்கு, எதுவானாலும் சரி. இடிப்பதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு இப்போது நம்மிடம் கல்யாண ஆல்பத்தின் பின்னணியில் தெரியும் சுவர்களைத் தவிர வேறு சான்று இல்லை. பத்து மாணவர்கள் பத்துக் கட்டடங்களை வரைந்துவிட்டால், அடுத்து வருகிற பிள்ளைக்கு அடிப்படை கிடைத்துவிடும். நீங்கள் செலவழித்ததற்கு ஊரிடம் காட்டவும் கையில் ஒன்று இருக்கும்.

இன்னொன்றும் கேட்கலாம் என்றால்: அடுத்து நீங்கள் கட்டப்போகும் திருமண மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வரைபடம் வாங்கும்போது, நீங்கள் படிக்க வைத்த பிள்ளையிடமும் ஒரு வரைபடம் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஜூரியில் அடிவாங்கிப் பழகியவர்கள், மனம் நோக மாட்டார்கள்.

அந்தப் பெண் தன் சேர்க்கையை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடக் கேட்டு, அந்தப் பள்ளியும் ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே அவள் விண்ணப்பம் மறுபடி உங்கள் மேசைக்கு வரும். படிவம் பங்குனிக்குள் அச்சுக்குப் போய்விடும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் ஒரு நாள் சொன்னீர்கள் என்றால், உங்கள் கூட்டத்துக்கே வந்து, நான் வரைந்த அந்தச் சுவரை விரித்துக் காட்டுகிறேன். ஒன்பது அடித் தாள். கூட்ட அறையில் ஒரு நீளச் சுவரை மட்டும் காலி செய்து வையுங்கள்.

மரியாதையுடன்,
பாம்பன் பெண் ஒருத்தி, கட்டடக்கலைஞர், மதுரை